சர்வர் இருக்கும் ஊரும் உள்ளூர்த் தேடலும்: அளப்பதிலிருந்து இடம் மாற்றுவது வரை

தளம் கூகுளில் பின்னால் போய்விட்டது என்றதும் பலர் முதலில் செய்வது, சர்வரை இந்தியாவுக்கு மாற்றுவது. உண்மையில் இந்த வேலையில் அது கடைசியாக வர வேண்டிய படி. அதற்கு முன் அளக்க வேண்டியதை அளந்து, சரிசெய்ய வேண்டியதைச் சரிசெய்தால் பலருக்கு மாற்றவே தேவைப்படாது. தேவைப்படுகிறவர்களுக்கும், முன்வேலை முடிந்திருந்தால் மாற்றும் இரவு நிம்மதியாகக் கழியும்.

ஒரே உதாரணத்தை வைத்துக்கொண்டு போவோம். கோயம்புத்தூரில் ஒரு கடை. வாடிக்கையாளர்கள் எல்லாரும் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். தளம் வேர்ட்பிரஸ்ஸில் இருக்கிறது. சர்வரோ அமெரிக்காவின் கிழக்குக் கரையில். இங்கே அதிகம் காணப்படும் நிலைமை இதுதான்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஹோஸ்டிங் கணக்கின் கடவுச்சொல், டொமைன் வாங்கிய இடத்தின் கடவுச்சொல், டி.என்.எஸ். (டொமைன் பெயரைச் சர்வர் முகவரியோடு இணைக்கும் பதிவேடு) எங்கே நிர்வகிக்கப்படுகிறது என்ற தகவல், சர்ச் கன்சோலில் (தளம் கூகுள் தேடலில் எப்படி இருக்கிறது என்று காட்டும் கூகுளின் கருவி) உரிமையாளர் அனுமதி, கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் (வரைபடத்தில் வரும் கடை விவரங்களின் கணக்கு) அனுமதி. இந்த ஐந்தும் இல்லாமல் தொடங்க வேண்டாம். டொமைன் கணக்கு பழைய வெப் டிசைனரின் மின்னஞ்சலில் இருப்பது பல நேரம் பாதி வழியில்தான் தெரியவரும். அப்போது தளம் இரண்டு சர்வர்களுக்கு நடுவே தொங்கிக்கொண்டிருக்கும்.

சர்ச் கன்சோல் கணக்கு இல்லையென்றால் இன்றே திறந்துவிடுங்கள். மாற்றத்துக்கு முன் எப்படி இருந்தது என்ற பதிவு கையில் இல்லாவிட்டால், பிறகு எதையும் ஒப்பிட முடியாது.

1. எந்தத் தேடலைப் பற்றிப் பேசுகிறோம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

“கோயம்புத்தூரில் கிரைண்டர் ரிப்பேர்” என்று தேடினால் இரண்டு வகை முடிவுகள் வரும். மேலே வரைபடத்தோடு சில கடைகள், கீழே வழக்கமான இணைப்புகள். இரண்டையும் கூகுள் வெவ்வேறு விதமாகத் தேர்ந்தெடுக்கிறது.

வரைபடப் பகுதிக்குக் கூகுளே சொல்லும் அளவுகோல்கள் மூன்று: தேடியதற்கு எவ்வளவு பொருந்துகிறது, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு அறியப்பட்டது. இதில் தூரம் என்பது கடைக்கும், தேடுகிறவருக்கோ தேடலில் சொன்ன ஊருக்கோ இடையே உள்ள தூரம். சர்வருக்கு அதில் எந்த வேலையும் இல்லை. சர்வரைக் கோயம்புத்தூருக்கே கொண்டுவந்தாலும் வரைபடத்தில் உங்கள் கடை ஒரு படிகூட ஏறாது.

கீழே உள்ள இணைப்புகளில்தான் சர்வரின் இடத்துக்குக் கொஞ்சம் பங்கு உண்டு. அது இரண்டு வழியாக வருகிறது. முதலாவது, இந்தத் தளம் எந்த நாட்டு மக்களுக்கானது என்று ஊகிக்கக் கூகுள் பார்க்கும் பல அடையாளங்களில் சர்வரின் ஐ.பி. முகவரியும் (இணையத்தில் அதன் எண் முகவரி) ஒன்று. சி.டி.என்.களும் (பக்கங்களின் பிரதியைப் பல ஊர்களில் வைத்து, பார்ப்பவருக்கு அருகிலிருந்து கொடுக்கும் சேவைகள்) வெளிநாட்டு ஹோஸ்டிங்கும் பரவலாகிவிட்டதால், அதை வைத்து மட்டும் முடிவெடுக்க முடியாது என்று கூகுளின் வழிகாட்டியே சொல்கிறது. இரண்டாவது, தூரம் கூடினால் பக்கம் தாமதமாகத் திறக்கும். கவனிக்க வேண்டியது இந்த இரண்டாவது வழியைத்தான்.

2. சர்வர் இப்போது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்

ரூபாயில் பில் வருகிறது, வாடிக்கையாளர் சேவையில் தமிழில் பேசுகிறார்கள் என்பதற்காகச் சர்வர் இந்தியாவில் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். கட்டணம் குறைந்த திட்டங்களில் சர்வரின் இடத்தைக் கேட்காமல் விட்டால், அது எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம்.

ஹோஸ்டிங் கட்டுப்பாட்டுப் பலகத்தில் சர்வரின் ஐ.பி. முகவரி இருக்கும். அதை ஐ.பி. இருப்பிடம் காட்டும் ஏதாவது இரண்டு தளங்களில் போட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் போதாது, அந்தத் தரவுத்தளங்கள் ஒன்றுக்கொன்று முரண்படுவது சகஜம். சந்தேகம் இருந்தால் ஹோஸ்டிங் நிறுவனத்துக்கே எழுதி, எந்த ஊர் டேட்டா சென்டர் என்று எழுத்தில் பதில் வாங்குங்கள்.

தளம் ஏற்கெனவே கிளவுட்ஃப்ளேர் போன்ற சி.டி.என்.னுக்குப் பின்னால் இருந்தால், டொமைனை வைத்துத் தேடும்போது சி.டி.என்.னின் முகவரிதான் வரும். புதியவர்கள் அதைப் பார்த்துத் தவறான முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். ஆகவே முகவரியைக் கட்டுப்பாட்டுப் பலகத்திலிருந்தே எடுங்கள்.

3. தூரத்தால் எவ்வளவு நேரம் போகிறது என்று அளந்து பாருங்கள்

ஒளியிழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2,00,000 கி.மீ. போகும். அப்படியானால் 100 கி.மீ. போய்த் திரும்ப ஒரு மில்லிவினாடி. தமிழ்நாட்டிலிருந்து அமெரிக்கக் கிழக்குக் கரை 13,000 கி.மீ.க்கும் மேல். நேராகக் கம்பி போட்டிருந்தாலே போய்வர 130 மில்லிவினாடி ஆகும். கடலடிக் கேபிள்கள் சுற்றிக்கொண்டு போவதால் நடைமுறையில் 200 முதல் 250 வரை வரும். மும்பை என்றால் சுமார் 25, சிங்கப்பூர் என்றால் சுமார் 35.

கால் வினாடிதானே என்று தோன்றும். ஆனால் ஒரு பக்கத்தைத் திறக்க ஒரு தடவை போய்வந்தால் போதாது. இணைப்பை ஏற்படுத்த ஒரு பயணம், பாதுகாப்புப் பூட்டுக்கு (அதன் நெறிமுறை டி.எல்.எஸ்.) 1.3 பதிப்பு என்றால் ஒரு பயணம், பக்கத்தைக் கேட்டுப் பெற ஒரு பயணம். மொத்தம் மூன்று. ஒரு பயணத்துக்கு 220 என்றால் 660 மில்லிவினாடி, சர்வர் எந்த வேலையும் செய்யாமலே போய்விடும். பழைய டி.எல்.எஸ். 1.2 என்றால் நான்கு பயணங்கள், 880. இதே கணக்கு மும்பை சர்வருக்கு 75தான்.

முதல் பைட் வந்துசேரும் நேரம் 0.8 வினாடிக்குள் இருந்தால் நல்லது என்பது கூகுளின் வழிகாட்டு அளவு. அமெரிக்காவில் சர்வரை வைத்துக்கொண்டு டி.எல்.எஸ். 1.3இல் ஓடினால், பக்கத்தைத் தயாரிக்கச் சர்வருக்கு மிஞ்சுவது 140 மில்லிவினாடி. கேஷ் (ஒருமுறை தயாரித்ததைச் சேமித்துவைத்துத் தருவது) இல்லாத வேர்ட்பிரஸ் தளத்துக்கு இது போதவே போதாது.

அளக்கும் முறை: குரோமில் டெவலப்பர் டூல்ஸைத் திறந்து, நெட்வொர்க் பகுதியில் கேஷை முடக்கிவிட்டுப் பக்கத்தை ஏற்றுங்கள். முதல் வரியைத் தட்டி டைமிங் பகுதிக்குப் போனால், இணைப்புக்கு எவ்வளவு, பாதுகாப்புப் பூட்டுக்கு எவ்வளவு, சர்வர் பதிலுக்காகக் காத்திருந்தது எவ்வளவு என்று தனித்தனியாகத் தெரியும். ஐந்து தடவை செய்து நடு மதிப்பை எழுதிவையுங்கள். கைபேசி இணையத்திலும் ஒருமுறை செய்யுங்கள். வாடிக்கையாளர்கள் உங்கள் அலுவலக ஃபைபரில் இருந்து வருவதில்லை.

வெளிநாட்டுச் சோதனைத் தளத்தில் அளந்துவிட்டு “என் தளம் வேகமாகத்தான் இருக்கிறது” என்று சொல்வதைத்தான் நான் அடிக்கடி பார்க்கிறேன். அந்தச் சோதனை அமெரிக்காவிலிருந்து அமெரிக்கச் சர்வரை அளந்திருக்கும். எந்த ஊரிலிருந்து அளக்கிறது என்று பார்க்காத எண்ணுக்கு மதிப்பில்லை.

4. தாமதம் தூரத்தாலா, சர்வராலா என்று பிரியுங்கள்

டைமிங் பகுதியில் இணைப்பு நேரத்துக்குள் பாதுகாப்புப் பூட்டின் நேரமும் அடங்கியிருக்கும், அதைக் கழித்தால் வருவது ஏறக்குறைய ஒரு பயணம். காத்திருந்த நேரத்திலிருந்து அந்த ஒரு பயணத்தைக் கழியுங்கள். மிஞ்சுவது, சர்வர் பக்கத்தைத் தயாரிக்க எடுத்துக்கொண்ட நேரம்.

ஒரு பயணம் 220, காத்திருப்பு 1,500 என்று வந்தால், 1,280 மில்லிவினாடி சர்வர் எடுத்துக்கொண்டது. இந்தத் தளத்தை மும்பைக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போனாலும் ஒன்றேகால் வினாடிக்கு மேல் கூடவே வரும். முதலில் பேஜ் கேஷ் போடுங்கள், தேவையற்ற பிளகின்களை நீக்குங்கள், பி.எச்.பி. பதிப்பைப் புதுப்பியுங்கள். அப்புறம் மறுபடியும் அளந்து பாருங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பாதுகாப்பு இல்லாத முகவரியிலிருந்து பாதுகாப்பானதற்கு ஒரு தாவல், அங்கிருந்து மூன்று டபிள்யூ உள்ள முகவரிக்கு இன்னொரு தாவல் என்று பல தளங்கள் சங்கிலியாக வைத்திருக்கும். சர்வர் தூரத்தில் இருந்தால் ஒவ்வொரு தாவலும் புதிதாக இரண்டு மூன்று பயணங்களைக் கூட்டும். நேராகக் கடைசி முகவரிக்கே போகும்படி அமைத்துவிடுங்கள். செலவில்லாமல் அரை வினாடி கிடைக்கும்.

5. நாட்டைக் காட்டும் மற்ற அடையாளங்களைச் சரிசெய்யுங்கள்

சர்வரைத் தொடுவதற்கு முன்பே இதைச் செய்யச் சொல்வதற்குக் காரணம், இவை ஐ.பி. முகவரியைவிட வலுவானவை. சரியாக இருந்தால் சர்வர் எந்த நாட்டில் இருக்கிறது என்பது ஓர் அடையாளமாகப் பெரிதாகப் பேசாது.

டொமைன் முடிவு: டாட் இன் என்றால் இந்தியா, டாட் எல்.கே. என்றால் இலங்கை என்று கூகுள் தெளிவாக எடுத்துக்கொள்ளும். டாட் காம் எந்த நாட்டையும் குறிக்காது. புதிதாகத் தொடங்குகிறீர்கள், இந்தியாவில் மட்டும்தான் வியாபாரம் என்றால் டாட் இன் வாங்குங்கள். பல வருடமாக டாட் காமில் இருந்து இணைப்புகளும் சேர்ந்திருந்தால், இதற்காக மட்டும் மாற்ற வேண்டாம் என்பேன். டொமைன் மாற்றத்தில் இழப்பதற்கு நிறைய இருக்கிறது.

முகவரி, தொலைபேசி எண், விலை: கடையின் முழு முகவரி பின்கோடோடு பக்கத்தில் எழுத்தாகவே இருக்கட்டும். படமாக ஒட்டாதீர்கள். விலை ரூபாயில் இருக்கட்டும். பிசினஸ் ப்ரொஃபைலில் உள்ள பெயர், முகவரி, எண்ணோடு இவை எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும்.

ஹெச்ரெஃப்லாங் (எந்தப் பக்கம் எந்த மொழிக்கு, எந்த நாட்டுக்கு என்று சொல்லும் குறி): தமிழ்நாட்டுக்கு ஒரு தமிழ்ப் பக்கம், இலங்கைக்கு வேறு விலையும் வேறு முகவரியும் கொண்ட இன்னொரு தமிழ்ப் பக்கம் என்று உண்மையிலேயே இரண்டு இருந்தால்தான் இது வேண்டும். முதலில் மொழிக் குறியீடு, பிறகு நாட்டுக் குறியீடு. நாட்டை மட்டும் போட்டால் செல்லாது. முதல் பக்கம் இரண்டாவதைச் சுட்டினால், இரண்டாவதும் முதலாவதைத் திருப்பிச் சுட்ட வேண்டும். ஒருவழியாக விட்டால் கூகுள் அதைக் கணக்கில் எடுக்காது.

செய்ய வேண்டாதவை இரண்டு. இடத்தைச் சொல்லும் ஜியோ மெட்டா டேக்குகளைக் கூகுள் பார்ப்பதில்லை, அவற்றுக்கு நேரம் செலவிட வேண்டாம். சர்ச் கன்சோலில் நாட்டைத் தேர்வு செய்யும் வசதி 2022இல் எடுக்கப்பட்டுவிட்டது. பழைய வீடியோக்களைப் பார்த்து அதைத் தேடிக்கொண்டிருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

6. சி.டி.என். போதுமா என்று பாருங்கள்

கடைத் தளத்தில் பெரும்பாலான பக்கங்கள் எல்லாருக்கும் ஒரேமாதிரிதான். அவற்றைச் சி.டி.என். தன் சென்னை அல்லது மும்பை மையத்தில் வைத்துக்கொண்டு அங்கிருந்தே கொடுத்துவிடும். மூன்று பயணங்களும் நாட்டுக்குள்ளேயே முடிந்துவிடும்.

இரண்டு விஷயங்களைச் சரிபாருங்கள். முதலாவது, பல சி.டி.என்.கள் இயல்பாகப் படங்களையும் ஸ்கிரிப்ட்களையும் மட்டும்தான் சேமிக்கும். பக்கத்தின் ஹெச்.டி.எம்.எல். ஒவ்வொரு முறையும் அமெரிக்கா போய்த்தான் வரும். அதையும் சேமிக்கும்படி நீங்கள்தான் விதி போட வேண்டும். போடும்போது கார்ட், கட்டணப் பக்கம், லாகின் ஆனவர்களின் பக்கங்கள் ஆகியவற்றை விலக்கிவிடுங்கள். விட்டுவிட்டால் ஒருவருடைய கார்ட் இன்னொருவருக்குத் தெரியும்.

இரண்டாவது, உங்கள் வாடிக்கையாளர் பயன்படுத்தும் இணைய நிறுவனம் எந்த மையத்துக்குக் கொண்டுபோகிறது என்று பாருங்கள். கிளவுட்ஃப்ளேர் போன்றவற்றில், பதிலோடு சேர்ந்து வரும் குறிப்புகளில் (பதில் தலைப்பு) மூன்றெழுத்து விமான நிலையக் குறியீடு இருக்கும். எம்.ஏ.ஏ. என்றால் சென்னை, பி.ஓ.எம். என்றால் மும்பை, எஸ்.ஐ.என். என்றால் சிங்கப்பூர். ஒரே ஊரில் இரண்டு சிம்மில் இரண்டு விடை வரலாம்.

பக்கம் ஒவ்வொன்றும் ஆளுக்கு ஆள் மாறுகிறது, பாதி நேரம் எல்லாரும் லாகின் செய்துதான் இருப்பார்கள் என்றால் சி.டி.என். பெரிதாக உதவாது. அப்போதுதான் சர்வரை மாற்றும் பேச்சு வருகிறது.

7. புதிய இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஏ.டபிள்யூ.எஸ்.ஸுக்கு மும்பையிலும் ஹைதராபாத்திலும், கூகுள் கிளவுடுக்கு மும்பையிலும் டெல்லியிலும், டிஜிட்டல்ஓஷனுக்குப் பெங்களூரிலும் மையங்கள் உண்டு. தமிழ்நாட்டு வாடிக்கையாளருக்கு இவற்றில் எதை எடுத்தாலும் வித்தியாசம் சில பத்து மில்லிவினாடிதான். சிங்கப்பூரும் மோசமில்லை, சென்னையிலிருந்து நேரடிக் கடலடிக் கேபிள்கள் உண்டு. ஆகவே ஊரைவிடச் சர்வரின் தரத்தைப் பார்த்து முடிவெடுங்கள். நெரிசலான மும்பைச் சர்வரைவிட நல்ல சிங்கப்பூர் சர்வர் மேல்.

வாடிக்கையாளர்கள் இலங்கையில் என்றால் வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். யாழ்ப்பாணத்துக்குச் சென்னை பக்கம்தான், ஆனால் கேபிள் அந்த வழியில் போக வேண்டும் என்பதில்லை. அங்கேயுள்ள ஒருவரிடம் சொல்லி இரண்டு மூன்று இடங்களை அளந்து அனுப்பச் சொல்லுங்கள்.

8. மாற்றும் வரிசை

இங்கே வரிசை மாறினால் தளம் விழும். நிதானமாகச் செய்யுங்கள்.

முந்தைய நாளே டி.டி.எல்.லைக் குறையுங்கள். டி.என்.எஸ். பதிவை மற்றவர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பதைச் சொல்வது அது. 86,400 வினாடி, அதாவது ஒரு நாள், என்று இருந்தால் 300 ஆக்குங்கள். பழைய டி.டி.எல். கழியும்வரை காத்திருக்க வேண்டும், அதனால்தான் ஒரு நாள் முன்னாடி. மாற்றும் நேரத்தில் குறைத்தால் பயனில்லை.

கோப்புகளையும் தரவுத்தளத்தையும் புதிய சர்வருக்குப் பிரதி எடுங்கள். தமிழ்த் தளத்துக்கு இங்கே ஒரு தனிக் கவனம் வேண்டும். தரவுத்தளத்தின் எழுத்துக் குறியாக்கம் இரு பக்கமும் ஒன்றாக, யு.டி.எஃப்.8 எம்.பி.4 ஆக, இருக்க வேண்டும். பழைய தளம் லத்தீன் 1 அமைப்பில் தமிழைச் சேமித்து வைத்திருந்தால், ஏற்றிய பிறகு எல்லாம் கேள்விக்குறிகளாகவோ புரியாத எழுத்துகளாகவோ வரும். தமிழில் உள்ள பக்க முகவரிகளையும் நாலைந்து திறந்து பாருங்கள்.

உங்கள் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் டொமைனுக்கு நேராகப் புதிய ஐ.பி.யை எழுதினால், உங்களுக்கு மட்டும் புதிய சர்வர் திறக்கும். படிவம், கட்டணம், தேடல் எல்லாவற்றையும் சோதியுங்கள். சோதித்து முடித்ததும் அந்த வரியை நீக்க மறக்காதீர்கள்.

டொமைனைப் புதிய சர்வருக்குத் திருப்புவதற்கு முன்பே பாதுகாப்புச் சான்றிதழை அங்கே போடுங்கள். இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட், வழக்கமான முறையில் டொமைன் அந்தச் சர்வரைச் சுட்டினால்தான் சான்றிதழ் தரும். ஆகவே டி.என்.எஸ். வழிச் சரிபார்ப்பைப் பயன்படுத்துங்கள், அல்லது பழைய சான்றிதழைப் பிரதி எடுத்து வையுங்கள்.

வேர்ட்பிரஸ்ஸில் தேடுபொறிகள் வர வேண்டாம் என்ற கட்டம் டிக் ஆகியிருக்கிறதா, தேடுபொறிகள் எதைப் படிக்கலாம் என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பு எல்லாவற்றையும் தடுக்கிறதா என்று பாருங்கள். சோதனைக்காகப் போட்டதை எடுக்காமல் விட்டு, மொத்தத் தளமும் கூகுளிலிருந்து மறைந்த பிறகு சர்வர் இடத்தைக் குறை சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஃபயர்வாலில் இந்தியாவுக்கு வெளியே இருந்து வருபவர்களைத் தடுக்காதீர்கள். உள்ளூர்க் கடைக்கு வெளிநாட்டு வருகை எதற்கு என்று நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் கூகுளுக்காகப் பக்கங்களைப் படித்துப்போகும் நிரலான கூகுள்பாட் பெரும்பாலும் அமெரிக்க ஐ.பி. முகவரிகளிலிருந்துதான் வருகிறது. நாட்டை அடைத்தால் கூகுளையும் சேர்த்து அடைக்கிறீர்கள். இந்த வழிகாட்டியில் சொல்லும் தவறுகளில் அதிகச் சேதம் செய்வது இதுதான்.

வருகை குறைவான நேரத்தில் தளத்தை நிறுத்துங்கள். அப்போது 503 என்ற பதிலைக் கொடுக்கச் சொல்லுங்கள். தற்காலிக நிறுத்தம், பிறகு வா என்று கூகுளுக்கு அது சொல்லும். அந்த இடைவெளியில் தரவுத்தளத்தைக் கடைசியாக ஒருமுறை பிரதி எடுங்கள். இல்லாவிட்டால் நடுவில் வந்த ஆர்டர்கள் பழைய சர்வரிலேயே தங்கிவிடும்.

இப்போது டி.என்.எஸ்.ஸில் ஏ பதிவை (டொமைனுக்குரிய ஐ.பி. முகவரியைச் சொல்வது) மட்டும் புதிய முகவரிக்கு மாற்றுங்கள். நேம்சர்வரையே மாற்றினால் எம்.எக்ஸ். பதிவுகள் விடுபட்டு மின்னஞ்சல் நின்றுபோகும். நாலு ஏ என்று எழுதும் ஐ.பி.வி.6 பதிவு இருந்தால் அதையும் மாற்றுங்கள், புதிய சர்வரில் ஐ.பி.வி.6 இல்லையென்றால் அழித்துவிடுங்கள். இதை மறந்தால் உங்கள் கணினியில் புதிய தளம் தெரியும், ஐ.பி.வி.6இல் வருகிற ஜியோ வாடிக்கையாளர்கள் மட்டும் பழைய சர்வருக்கே போவார்கள். எங்கே தவறு என்றே புரியாமல் ஒரு நாள் முழுக்கப் போகும். தளமே மின்னஞ்சல் அனுப்புகிறது என்றால் எந்தச் சர்வர்கள் உங்கள் பெயரில் மின்னஞ்சல் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்.பி.எஃப். பதிவில் புதிய ஐ.பி.யைச் சேருங்கள்.

டொமைனையும் பக்க முகவரிகளையும் வடிவமைப்பையும் இதே வாரத்தில் மாற்ற வேண்டாம். சர்வர் மட்டும் மாறும்போது 301 வழிமாற்றமோ, சர்ச் கன்சோலின் முகவரி மாற்றக் கருவியோ தேவையில்லை.

9. மாற்றிய பிறகு

சர்ச் கன்சோலில் முகப்புப் பக்கத்தையும் இரண்டு உள்பக்கங்களையும் நேரடிச் சோதனை செய்து பாருங்கள். கூகுளால் திறக்க முடிகிறது என்று வந்தால் சரி.

க்ரால் (கூகுள்பாட் வந்து படித்துப்போவது) புள்ளிவிவரத்தில் சராசரிப் பதில் நேரம் கூடியிருப்பதைப் பார்த்துப் பலர் பதறுகிறார்கள். கூகுள்பாட் அமெரிக்காவிலிருந்து வருகிறது, சர்வர் இந்தியாவுக்கு வந்துவிட்டது, அந்தத் தூரம்தான் அங்கே தெரிகிறது. சில ஆயிரம் பக்கங்கள் உள்ள தளத்துக்கு இதனால் பாதிப்பில்லை. க்ரால் எண்ணிக்கை சில நாள் இறங்கிப் பிறகு ஏறுவதும் இயல்பு.

வேகத்தின் பலனை உடனே எதிர்பார்க்காதீர்கள். பக்கத்தின் வேகத்தையும் அனுபவத்தையும் அளக்கும் கூகுளின் கோர் வெப் வைட்டல்ஸ் எண்கள் கடந்த 28 நாள் உண்மைப் பயனர்களிடமிருந்து திரட்டப்படுபவை. பெரிய உருப்படி தெரியும் நேரம் 2.5 வினாடிக்குள், தட்டினால் பதில் தரும் நேரம் 200 மில்லிவினாடிக்குள், அதுவும் நூறில் 75 வருகைகளுக்காவது இருந்தால் நல்ல நிலை. சிறிய தளங்களுக்குப் போதிய தரவு இல்லை என்று வரும். அப்போது மூன்றாம் படியில் எழுதிவைத்த எண்களோடு ஒப்பிடுங்கள்.

தேடல் முடிவில் உங்கள் இடம் மாறியதா என்று உங்கள் கைபேசியில் தேடிப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். நீங்கள் இருக்கும் இடமும் பழைய தேடல்களும் அதில் கலக்கும். கூகுளின் டாட் இன் முகவரியில் போய்த் தேடுவதிலும் பயனில்லை. 2017இலிருந்து முகவரியைப் பார்க்காமல், தேடுபவர் இருக்கும் நாட்டைப் பார்த்தே முடிவுகள் வருகின்றன. சர்ச் கன்சோலின் செயல்திறன் பகுதியில் நாட்டை இந்தியா என்று வடிகட்டி, மாற்றத்துக்கு முந்தைய 28 நாளையும் பிந்தைய 28 நாளையும் பக்கம் பக்கமாக வையுங்கள். தீபாவளி, பொங்கல் நடுவில் வந்தால் போன வருடத்தின் அதே வாரங்களோடு ஒப்பிடுங்கள்.

பத்தாம் இடத்தில் இருந்த பக்கம் இதனால் மட்டும் முதலிடத்துக்கு வராது. ஆனால் இரண்டு வினாடி காத்திருந்து திரும்பிப் போன வாடிக்கையாளர் இப்போது உள்ளே வருவார். எனக்கு இந்த வேலையைச் செய்யத் தூண்டும் காரணம் அதுதான்.

பழைய ஹோஸ்டிங்கை உடனே ரத்து செய்துவிடாதீர்கள். அதன் பதிவேட்டை ஒரு வாரமாவது தினமும் பாருங்கள். மனிதர்களும் கூகுள்பாட்டும் வருவது முழுக்க நின்ற பிறகு, அங்கே மின்னஞ்சல் பெட்டி எதுவும் மிச்சமில்லை என்று உறுதி செய்து, கடைசிப் பிரதி ஒன்றை எடுத்துவைத்துக்கொண்டு மூடுங்கள். டி.டி.எல்.லை அன்றே பழைய அளவுக்கு ஏற்றிவிடலாம்.